சிறைக்கதவைத் தட்டிய எலிசபெத் ஃபிரை அம்மையார்



ஒருத்தர் ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்று காதில் விழுந்தவுடனே நம்ம மனசு என்ன செய்கிறது? ஒரு அடி பின்னாலே போகிறது. இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பல வருஷங்களுக்கு முன்னே எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு, தண்டனை முடிந்து வெளியே வந்த ஒரு சகோதரன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மெதுவாய்க் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் பேசாமல் பிரசங்கத்தைத் தொடர்ந்தேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

அந்தக் கைப்பை இன்னும் என் கண் முன்னாலே நிற்கிறது. அதனாலேதான் இந்த மாதம் எலிசபெத் ஃபிரை அம்மையாருடைய ஜீவியத்தை எழுத வேண்டும் என்கிற பாரம் எனக்குள் வந்தது.

இவர் 1780-ம் ஆண்டு மே 21-ந் தேதி இங்கிலாந்து தேசத்தில் நார்விச் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் பெயர் ஜான் கர்னி. கம்பளி வியாபாரம், வங்கி என்று நல்ல வசதியான குடும்பம். எர்லாம் என்ற பெரிய மாளிகையில் வாசம். வீடு நிறையப் பிள்ளைகள். தாயார் ஜெபிக்கிற ஸ்திரீ. ஏழைகளைப் பார்க்கப் போகும்போது பெட்சியையும் கூட அழைத்துக்கொண்டு போவார்கள். (எலிசபெத்தை வீட்டில் பெட்சி என்றுதான் கூப்பிட்டார்கள்.) பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அந்தத் தாயார் மரித்துப்போனார்.

சிறு வயதில் இவரைப் பார்த்த யாரும், இது பிற்காலத்தில் பெரிய காரியம் செய்யப்போகிற பிள்ளை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். படிப்பில் மந்தம். இருட்டைக் கண்டால் பயம், கடலைக் கண்டால் பயம். சரீரமும் பெலவீனம். பிரியமானவர்களே, இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குப் பயந்த இந்தப் பிள்ளைதான் பின்னாளில் லண்டனிலேயே பயங்கரமான இருட்டறைக்குள் போய் நின்றது.

இவர்கள் குடும்பம் குவேக்கர்கள் என்று சொல்லப்படுகிற நண்பர்கள் சபையைச் சேர்ந்தது. தண்ணீர் ஞானஸ்நானம், இராப்போஜனம் ஆகிய காரியங்களில் அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆவியானவர் ஏவுகிற வரைக்கும் அமைதியாய்க் காத்திருப்பது, ஏவினால் ஆணானாலும் பெண்ணானாலும் எழுந்து பேசுவது என்ற அவர்களுடைய பழக்கம் நமக்கு அந்நியமானதல்ல. அந்தக் காலத்தில் ஒரு ஸ்திரீ சபை நடுவே எழுந்து பேச முடிந்தது என்றால் அது இவர்கள் கூட்டத்தில்தான் அதிகம்.

வாலிப வயதில் பெட்சிக்குச் சபை என்றால் சலிப்பு. பாட்டும் நடனமும் விருந்தும்தான் பிரியம். 1798-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்ற ஊழியர் நார்விச் கூடுகையில் பேசினார். அன்றைக்கு நம்ம பெட்சி ஊதா நிறத்தில் பூட்ஸ் போட்டு, அதற்குச் சிவப்புக் கயிறு கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். பிரசங்கம் முடிகிறபோது அழுதுகொண்டிருந்தார். அன்று தொடங்கிய மாற்றம் மெதுமெதுவாய் ஆழத்துக்குப் போனது. அதே ஆண்டில் டெபோரா டார்பி என்ற ஊழியக்காரி, இந்தப் பெண் குருடருக்கு வெளிச்சமாகவும் ஊமைக்குப் பேச்சாகவும் முடவருக்குக் காலாகவும் இருப்பாள் என்று சொன்னார். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆனால் அது நிறைவேற வருஷங்கள் பிடித்தன.

1800-ல் ஜோசப் ஃபிரை என்பவரோடு கலியாணம் நடந்தது. தேயிலை வியாபாரம், வங்கி ஆகிய தொழில்கள் உள்ள லண்டன் குடும்பம். பிள்ளைகள் வரிசையாய்ப் பிறந்தார்கள், எல்லாமாக பதினொரு பேர். வீட்டு வேலை, பிரசவம், வியாதி, உறவுக்காரர் வரவு என்று பன்னிரண்டு வருஷம் ஓடிப்போயிற்று. தேவன் சொன்னது என்னவாயிற்று என்று அவரே தன் குறிப்பேட்டில் கலங்கி எழுதிவைத்த நாட்கள் உண்டு. 1811-ல் அவருடைய சபை அவரை ஊழியராக அங்கீகரித்தது.

1813-ம் ஆண்டு தொடக்கத்தில் ஸ்டீபன் கிரெலே என்ற பிரெஞ்சு நாட்டு ஊழியர் லண்டனிலுள்ள நியூகேட் சிறைச்சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நேராய் எலிசபெத் அம்மையார் வீட்டுக்கு வந்தார். பெண்கள் பகுதியில் பிறந்த குழந்தைகள் துணி இல்லாமல் குளிரில் கிடக்கின்றன என்று சொல்லி அழுதார். அம்மையார் அன்றைக்கே துணி வாங்கி, தெரிந்த பெண்களைக் கூட்டி, குழந்தைகளுக்குச் சட்டை தைக்க உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அன்னா பக்ஸ்டன் என்ற சகோதரியோடு சிறைக்குப் போனார்.

நியூகேட் என்றால் சாதாரண இடமல்ல. சிறை அதிகாரியே பெண்கள் பகுதிக்குள் போகத் தயங்குவார். கைக்கடிகாரம் இல்லாத காலம். இடுப்பில் சங்கிலியில் தொங்கும் கடிகாரம். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், நான் கூட வந்தாலும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அதிகாரி எச்சரித்தார். உள்ளே ஏறக்குறைய 300 ஸ்திரீகளும் அவர்கள் பிள்ளைகளும் இரண்டு பெரிய அறைகளிலும் இரண்டு சிறிய அறைகளிலும் அடைந்து கிடந்தார்கள். விசாரணை முடியாதவர், தண்டனை பெற்றவர், அப்பத்தைத் திருடினவள், கொலை செய்தவள் எல்லாரும் ஒன்றாய். படுக்கை இல்லை, வெறும் தரை. சமைப்பதும் துவைப்பதும் தூங்குவதும் அங்கேயே. காசு இருந்தால் சிறைக்குள்ளேயே சாராயம் வாங்கலாம். இரண்டு பெண்கள் செத்துப்போன ஒரு குழந்தையின் உடம்பிலிருந்து துணியைக் கழற்றி, உயிரோடிருக்கிற இன்னொரு குழந்தைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை அவர் கடைசி வரைக்கும் மறக்கவில்லை.

கொண்டுபோன துணிகளைக் கொடுத்தார்கள். முழங்கால்படியிட்டு ஜெபித்தார்கள். கைதிகளும் அழுதார்கள். இப்படி மூன்று தடவை போனார்.

அதோடு நின்றுபோயிற்று. ஏறக்குறைய நான்கு வருஷம் அவர் நியூகேட் பக்கம் போகவில்லை. சாட்சிப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிப்போகின்றன. நான் தாண்ட மாட்டேன், ஏனென்றால் இது நமக்கு நன்றாய்த் தெரிந்த வியாதி. கிறிஸ்மஸ் சமயம் சிறைச்சாலைக்குப் போய்ப் பாட்டுப் பாடி, கேக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறோமே, அதற்கப்புறம் அடுத்த கிறிஸ்மஸ்தானே! ஆனால் அம்மையாருக்கு வேறு பாடுகளும் இருந்தன. மேலும் பிள்ளைகள் பிறந்தார்கள். 1815-ல் ஐந்து வயது நிறையாத மகள், தாயின் பெயரையே உடைய சின்ன எலிசபெத், வியாதியில் மரித்துப்போனாள். பிள்ளையைப் புதைத்த தாயாக அவர் 1816-ம் ஆண்டு கிறிஸ்மஸ் சமயத்தில் மறுபடியும் நியூகேட் வாசலில் வந்து நின்றார்.

இந்தத் தடவை காவலர் வேண்டாம், என்னைத் தனியாய் உள்ளே விடுங்கள் என்று கேட்டார். கதவு பூட்டப்பட்டது. ஸ்திரீகள் சூழ்ந்துகொண்டார்கள். மத்தேயு இருபதாம் அதிகாரம், திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையை வாசித்தார். சாயங்காலம் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த அந்த எஜமானைப் பற்றித்தான். இந்த உவமையை வாசிக்கும்போதெல்லாம் நாம் காலையிலே வந்து முறுமுறுத்தவர்கள் பக்கத்தில்தான் நிற்கிறோம், இல்லையா? அங்கே இருந்தவர்கள் பதினோராம் மணிவேளைக்காரர். ஒருத்தி, கிறிஸ்து என்பது யார் என்று கேட்டாள். கிறிஸ்தவ தேசம் என்று பெயர் எடுத்த நாட்டின் தலைநகரில், ஆலயமணிகள் அடிக்கிற சத்தம் கேட்கிற தூரத்தில்! வேறு சிலர், எங்களுக்கு வேளை தப்பிப்போய்விட்டதே என்று பயந்தார்கள்.

பிறகு அம்மையார் செய்தது என்ன தெரியுமா? ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இந்தப் பிள்ளைகளுக்காக நாம் ஏதாவது செய்யலாமா என்று தாய்மாரிடம் கேட்டார். நீங்கள் திருந்துங்கள் என்று ஆரம்பிக்கவில்லை. உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்றுகூட ஆரம்பிக்கவில்லை. நாம் சேர்ந்து செய்யலாமா என்றார். பள்ளிக்கூடம் வைக்கலாம் என்று பேசி முடித்தார்கள். ஆசிரியையைக் கைதிகளே தங்களுக்குள் தெரிந்துகொண்டார்கள். மேரி கானர் என்று பெயர், ஒரு கடிகாரம் திருடினதற்காக வந்தவள். அதிகாரிகளோ, இது நடக்காது அம்மா, இந்த ஜனங்களை உங்களுக்குத் தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டு, போனால் போகட்டும் என்று காலியான ஒரு அறையைக் கொடுத்தார்கள். முதல் நாளே இடம் போதவில்லை. வயதுக்கு வந்த பெண்கள் கதவோரம் நெருக்கி நின்று, எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கெஞ்சினார்கள்.

1817 ஏப்ரல் மாதத்தில் பன்னிரண்டு ஸ்திரீகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். பதினொரு பேர் குவேக்கர், ஒருவர் ஒரு போதகரின் மனைவி. தையல் வேலை கொண்டுவந்தார்கள். தைத்த துணிக்குக் கூலி வந்தது. கைதிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் மேற்பார்வையாளரை வைத்தார்கள். விதிகளை எழுதி, ஒவ்வொன்றாய்க் கைதிகள் முன்பாக வாசித்து, சம்மதமானால் கையை உயர்த்துங்கள் என்றார்கள். பிச்சை கேட்கக் கூடாது, சூதாடக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. ஒவ்வொரு விதிக்கும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. கள்ளிகளிடத்தில் சம்மதம் கேட்கிறதா என்று பரிகாசம் பண்ணினவர்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு பாராளுமன்றக் குழு முன்பாக அம்மையார் சாட்சி சொன்னபோது, இத்தனை மாதங்களில் ஒரு ஸ்திரீயைக்கூடத் தண்டிக்க வேண்டி வரவில்லை என்று அறிவித்தார்.

இதுவரைக்கும் வாசித்தவர்கள், நல்ல ஊழியம், ஸ்தோத்திரம் என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் நான் சொல்ல வந்த காரியம் இனிமேல்தான்.

அந்த நாட்களில் இங்கிலாந்தில் 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. கொலைக்கு மட்டுமல்ல. கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைத் திருடினால் சட்டப்படி தூக்கு. கள்ளநோட்டு அடித்தால் தூக்கு, அதைத் தெரிந்தே கடையில் மாற்றினாலும் தூக்கு. பிரான்சு தேசத்தோடு யுத்தம் நடந்தபோது, 1797-ல் இங்கிலாந்து வங்கி பொன் கொடுப்பதை நிறுத்தி, ஒரு பவுன், இரண்டு பவுன் நோட்டுகளை வெளியிட்டது. சாதாரண அச்சு, யாரும் சுலபமாய்க் காப்பி அடிக்கலாம். அதுவரை நோட்டையே தொடாத ஏழைகள் கையில் அது புழங்கியது. அடிக்கிறவன் எங்கேயோ ஒளிந்திருப்பான். கடைக்குக் கொண்டுபோய் மாற்றுகிறவள் அகப்படுவாள். 1821 வரைக்கும் இந்தவிதக் குற்றங்களுக்காகத் தூக்கில் போடப்பட்டவர்கள் 300 பேருக்கும் அதிகம்.

தூக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நியூகேட் சிற்றாலயத்தில் ஒரு ஆராதனை நடக்கும். சாகப்போகிறவர்களைக் கறுப்புத் துணி போட்ட அடைப்புக்குள் உட்காரவைத்து, அவர்கள் நடுவே ஒரு சவப்பெட்டியை வைத்துப் பிரசங்கம் பண்ணுவார்கள். வேடிக்கை பார்க்க வெளியாட்களும் வருவார்கள். ஐயோ, தேவனுடைய ஆலயத்தில்! பிரசங்க பீடத்தில் நிற்கிற நாம் நடுங்க வேண்டிய காரியம் இது.

1817 மார்ச் மாதத்தில் எலிசபெத் ஃபிரிக்கர் என்ற பெண்ணை, ஒரு வீட்டில் நடந்த திருட்டுக்காகத் தூக்கில் போட்டார்கள். முந்தின நாள் அம்மையார் அவளோடு உட்கார்ந்திருந்துவிட்டு உடைந்துபோய் வீடு திரும்பினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கள்ளநோட்டுக்காக இரண்டு பெண்கள். ஏப்ரலில் ஹாரியட் ஸ்கெல்டன்.

இந்த ஹாரியட்டைப் பற்றி நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தான் நேசித்த ஒரு மனுஷனுடைய பேச்சைக் கேட்டுக் கள்ளநோட்டை மாற்றினவள். சிறைக்கு வந்தபின் அமைதியானவளாய், விதிகளுக்குக் கீழ்ப்படிகிறவளாய் இருந்தாள். வேதவாசிப்பில் கவனமாய் உட்காருவாள். இவளுக்கு மன்னிப்பு வரும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வந்தது மரண உத்தரவு. அப்போது கூட இருந்த கைதிகள் தங்களுக்குள் ஒன்று பேசிக்கொண்டார்கள். நம்மையெல்லாம் விட இவள் சாவதற்கு ஆயத்தமாயிருக்கிறாள், அதனால்தான் இவளைத் தெரிந்தெடுத்தார்கள் போலும் என்று.

பிரியமானவர்களே, இதை முதல் தடவை வேதாகமக் கல்லூரியில் படிக்கும்போது வாசித்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அம்மையார் செய்த ஊழியம் எதில் போய் முடிந்தது பாருங்கள். ஆத்துமாவை ஆயத்தப்படுத்தினார், ஆயத்தமானவள் என்பதே கயிற்றுக்குக் காரணம் என்று அந்த ஏழைப் பெண்கள் நினைக்கும்படி ஆயிற்று. உண்மையிலேயே அதிகாரிகள் அப்படி நினைத்தார்களா என்பது வேறு விஷயம். ஆனால், ஆத்துமா இரட்சிக்கப்பட்டால் போதும், சரீரத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் சுலபமாய்ச் சொல்லுகிறோமே, அது ஹாரியட் ஸ்கெல்டன் இருந்த அறைக்குள் சொல்லக்கூடிய பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மையாரும் அங்கே நிற்கவில்லை. அதுவரை சிறைக்குள் மட்டும் பேசினவர் இப்போது அதிகாரிகளின் வாசற்படி ஏறினார். அரச குடும்பத்தைச் சேர்ந்த குளோஸ்டர் கோமகன் இளம் வயதில் நார்விச்சில் பழக்கமானவர். அவரைச் சிறைக்கு அழைத்துவந்து ஹாரியட்டைக் காட்டினார். கோமகன் உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபுவிடம் பேசினார், வங்கியின் நிர்வாகிகளிடமும் போனார்கள். யாரும் அசையவில்லை. அம்மையார் தாமும் சிட்மவுத் பிரபுவை நேரில் கண்டு மன்றாடினார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தப் பெண்கள் தண்டனையைப் பற்றிய பயத்தையே ஜனங்களிடமிருந்து எடுத்துப்போடுகிறார்கள், இது ஆபத்து என்பது அவருடைய எண்ணம். 1818 ஏப்ரல் 24-ந் தேதி ஹாரியட் தூக்கிலிடப்பட்டாள்.

அதே நாட்களில் சார்லட் ராணி லண்டன் மேயரின் மாளிகையில் எல்லாருக்கும் முன்பாக அம்மையாரிடம் வந்து அன்பாய்ப் பேசினார்; ஊரெல்லாம் புகழ்ந்தது. அவர் மனசிலோ வேதனை. அமைச்சரிடம் கடினமாய்ப் பேசிவிட்டேனோ, என்னாலே காரியம் கெட்டுப்போயிற்றோ என்று தன்னையே நியாயந்தீர்த்துக்கொண்டார். தோற்றுப்போன ஊழியத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் நாம் எழுதுவதில்லை. சாட்சி என்றால் ஜெயம்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் இது தோல்விதான். ஜெபித்தார்கள், அழுதார்கள், ஓடினார்கள். பதில் வரவில்லை.

சிட்மவுத் பிரபு கேட்டது நியாயமான கேள்வி என்று சிலர் நினைக்கலாம். குற்றவாளிக்கு இரங்கினால் பறிகொடுத்தவனுக்கு என்ன நியாயம்? எங்கள் ஊழியக் கூட்டங்களிலும் இந்தக் கேள்வி எழும்பியது உண்டு. அம்மையார் திருட்டைப் பாவமில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாரையும் திறந்துவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. விதி வைத்தார், வேலை வைத்தார், ஒழுங்கு வைத்தார். மோசேயின் நியாயப்பிரமாணத்தை எடுத்துப் பாருங்கள். திருடினவன் இரண்டு மடங்கு, ஆட்டுக்கு நாலு மடங்கு, மாட்டுக்கு ஐந்து மடங்கு திரும்பக் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. சாதாரணத் திருட்டுக்கு உயிரை எடு என்று இல்லை. சகேயுவும் நாலு மடங்கு என்றான். ஆண்டவர் அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். ஒரு பவுன் காகிதத்துக்கு ஒரு தாயின் கழுத்து என்பது எந்த வேதத்தில் இருக்கிறது? பறிகொடுத்த கடைக்காரனுக்கு அந்தக் கயிற்றினாலே அவன் பவுன் திரும்பி வந்ததா? வரவில்லை. ஆக, இரக்கம் இல்லாமல் போனது மட்டுமல்ல, அங்கே நியாயமும் இல்லாமல் போயிற்று என்பதே என் எண்ணம்.

அம்மையார் ஓய்ந்துபோகவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்படுகிற பெண்களைத் திறந்த வண்டிகளில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். தெருவில் ஜனங்கள் கூச்சலிட்டுச் சேற்றை எறிவார்கள். அதனால் முந்தின இரவு கைதிகள் வெறிகொண்டு ஜன்னல், மேஜை எல்லாவற்றையும் உடைத்துப்போடுவது வழக்கம். 1818-ல் மரியா என்ற கப்பலுக்கு 128 பெண்களை அனுப்பும்போது அம்மையார் அதிகாரிகளோடு பேசி, மூடின வண்டிகளில் அவர்களை அனுப்பவைத்தார். தம்முடைய வண்டியில் தாமும் பின்னாலேயே போனார். முந்தின இரவு ஒரு கண்ணாடியும் உடையவில்லை.

கப்பல் புறப்படுகிற வரைக்கும் வாரக்கணக்கில் போய்வந்தார். கடலுக்குப் பயந்தவர், சின்னப் படகில் ஏறிக் கப்பலுக்குப் போவார்! ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை கொடுத்தார்கள். வேதாகமம், ஊசி, நூல், துண்டுத் துணிகள். மாதக்கணக்கான பிரயாணத்தில் அந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தால் போகிற இடத்தில் விற்றுக் கையில் நாலு காசு பார்க்கலாம். இருபத்தைந்து வருஷங்களில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள், ஏறக்குறைய 12,000 பெண்கள். 1841-ல் ராஜா என்ற கப்பலில் போனவர்கள் தைத்த ஒரு பெரிய ஒட்டுப்போர்வை இன்றைக்கும் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. 2,800க்கு மேற்பட்ட துண்டுகள்.

1822-ல் சிட்மவுத் பிரபுவின் இடத்துக்கு ராபர்ட் பீல் வந்தார். 1823-ல் சிறைச்சாலைச் சட்டம் நிறைவேறியது. பெண் கைதிகளைப் பெண்களே காவல் பார்க்க வேண்டும் என்ற விதி அதில் உண்டு. இதற்கு அம்மையாரும், அவருடைய தங்கை கணவர் தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டன் முதலானவர்களும் பட்ட பிரயாசம் கொஞ்சமல்ல. கள்ளநோட்டுக் குற்றங்களுக்கான தூக்குத் தண்டனை 1832-ல் பெரும்பாலும் நீக்கப்பட்டு, 1837-ல் முற்றிலும் ஒழிந்தது. ஹாரியட் போய்ப் பத்தொன்பது வருஷம்.

இதற்கு நடுவே அவர் வீட்டிலேயே இடி விழுந்தது. 1828 நவம்பரில் கணவரின் வங்கி முறிந்துபோயிற்று. பணம் போட்டவர்கள் நஷ்டப்பட்டார்கள். குவேக்கர் சபை ஒழுங்குப்படி ஜோசப் ஃபிரை சபையிலிருந்து நீக்கப்பட்டார். பிள்ளைகள் வளர்ந்த பிளாஷெட் மாளிகையை விட்டுச் சிறிய வீட்டுக்குப் போனார்கள். அம்மையார் தானதர்மம் செய்தே வங்கி அழிந்தது என்று ஊரார் வாய் பேசியது. பிள்ளைகளைக் கவனிக்காமல் ஊர் ஊராய்ச் சுற்றுகிறார் என்ற பேச்சும் உண்டு. அவருடைய பிள்ளைகளில் பலர் பின்னாளில் அந்தச் சபையை விட்டு விலகினதும் உண்மை. குற்றவாளியின் வீட்டார் படுகிற வெட்கம் என்ன என்று அதுவரை வெளியிலிருந்து பார்த்தவர், இப்போது கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டார். கூடுகைக்குப் போக முகம் வரவில்லை. ஆனாலும் போனார். நியூகேட்டுக்கும் திரும்பப் போனார்.

பிற்காலத்தில் அவருக்கு எதிராய் வேறொரு அலை எழும்பியது. கைதிகளை ஒருவரோடொருவர் பேசவிடாமல் தனித்தனி அறையில் பூட்டிவைத்தால் மனந்திரும்புவார்கள் என்ற புதிய முறை. அதை ஆதரித்த சிறை ஆய்வாளர்கள் 1836-ல் நியூகேட்டைப் பற்றிக் கொடுத்த அறிக்கையில் பெண்கள் சங்கத்தின் வேலையையும் குறை சொன்னார்கள். அம்மையார் அந்த முறையை ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் ஜனங்களோடு வாழப்போகிறவனை மனுஷ முகமே பார்க்காதபடி அடைத்துவைத்தால் அவன் எப்படி வாழக் கற்றுக்கொள்வான் என்பதே அவர் கேள்வி. அந்த வாதத்தில் அவர் ஜெயிக்கவில்லை. 1842-ல் லண்டனில் பென்டன்வில் சிறை அந்த முறையிலேயே திறக்கப்பட்டது.

அதே 1842-ல் பிரஷ்ய தேசத்து ராஜா நான்காம் பிரடெரிக் வில்லியம் நியூகேட்டுக்கு வந்தார். அம்மையார் வேதம் வாசித்து முழங்கால்படியிட்டபோது, ராஜாவும் கைதிகளோடே முழங்கால்படியிட்டார். பிறகு அம்மையார் வீட்டுக்கே வந்து சாப்பிட்டார்.

1845-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி, கடற்கரைப் பட்டணமாகிய ராம்ஸ்கேட்டில், அறுபத்தைந்தாம் வயதில் அவர் மரித்தார். பார்க்கிங் என்ற ஊரில் நண்பர்கள் சபையின் கல்லறைத்தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவர்கள் வழக்கப்படி ஆரவாரமான சடங்கு ஒன்றும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் வந்து மவுனமாய் நின்றார்கள்.

2002-ம் ஆண்டு இங்கிலாந்து வங்கி புதிய ஐந்து பவுன் நோட்டு வெளியிட்டது. அதே வங்கிதான். அதன் ஒரு பக்கத்தில் எலிசபெத் ஃபிரை அம்மையாருடைய முகத்தையும், அவர் நியூகேட் கைதிகளுக்கு வாசித்துக் காட்டுகிற படத்தையும் அச்சடித்தார்கள். 2017 வரைக்கும் அந்த நோட்டு கடைகளில் புழங்கியது.